வாப்பாவின் காரும் மகனின் காரும்

“உம்மா, நான் ஒரு கார் வாங்கப் போறன். கோபப்படக் கூடாது. அதுல ரெண்டு சீட்தான் இருக்கு.”

2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு மூன்று நாட்கள்தான் ஆகியிருந்தன. பெருநாளைக்கு வந்திருந்த மகளும் மருமகனும் பேரப்பிள்ளையும் அன்று மாலைதான் பாணந்துறைக்குத் திரும்பிப் போனார்கள். வீட்டில் மிஞ்சியது நானும் மகனும் மட்டும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அவன் அந்த இரவைத் தெரிவு செய்தானோ என்னவோ!

“ரெண்டு சீட் கார் யாருக்கு மகன்? நாளைக்கு உனக்கு ஒரு பொஞ்சாதி வந்தா நான் எங்க உட்கார்றது, டிக்கியிலயா?” என்று கேட்டேன்.

“டிக்கியும் சின்னதுதான் உம்மா” என்று சொல்லிச் சிரித்தான்.

அவன் விரும்பியது மஸ்டா நிறுவனத்தின் எம்.எக்ஸ்.-5 என்ற கார். 1989ஆம் ஆண்டு முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. ஜப்பானில் அதற்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். கூரை துணியால் ஆனது. மடித்துப் பின்னால் வைக்கலாம். முதல் வகையில் முன்விளக்குகள் தவளைக் கண்களைப் போல மேலெழும்பும். நிறை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. எஞ்சின் 1600 சீசீதான். நம் ஊரில் ஓடும் குடும்பக் கார்களின் எஞ்சினை விடப் பெரிதல்ல. “வேகத்துக்காக இல்ல உம்மா, ஓட்டுற சுகத்துக்காகச் செஞ்ச கார்” என்றான். அதைச் செய்த ஜப்பானியர்கள், குதிரையும் குதிரை வீரனும் ஒரே உடல் ஆவதைக் குறிக்கும் தங்கள் நாட்டுச் சொல் ஒன்றையே அந்தக் காரின் இலட்சியமாக வைத்தார்களாம். 2016ஆம் ஆண்டில் பத்து இலட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது என்றும் சொன்னான்.

வாரநாட்களில் அதில் வேலைக்குப் போவது. வருடத்தில் மூன்று நான்கு நாட்கள் பந்தயத் திடலில் ஓட்டுவது. இதுதான் அவனது திட்டம். திடல் நாள் என்பது பந்தயம் அல்ல, பரிசு இல்லை, பணம் கட்டி விளையாடுவதும் இல்லை; அவரவர் தம் சொந்தக் காரை மூடிய பாதையில் ஓட்டிப் பழகும் நாள் என்று விளக்கினான்.

எனக்குத் திடல் புதிதல்ல. நாங்கள் இருப்பது களுத்துறையில். கட்டுகுருந்தவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை அமைத்த விமான ஓடுபாதை ஒன்று இருக்கிறது. பிற்காலத்தில் அங்கே மோட்டார்ப் பந்தயங்களும் நடந்தன. பந்தய நாட்களில் காற்று எங்கள் பக்கம் வீசினால் எஞ்சின் சத்தம் சமையலறை வரை கேட்கும். மர்ஹூமான என் கணவர் அந்தச் சத்தம் கேட்டால் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “மகன், வாங்க ஒரு சுத்துப் போய்ட்டு வருவம்” என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார். ஆக, விதை எங்கிருந்து விழுந்தது என்பது எனக்குத் தெரியும்.

“யோசிப்பம்” என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு வாரம்கூடப் போகவில்லை. ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. 7 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருத்தி 8 வயதுச் சிறுமி. அன்றிரவு தொலைக்காட்சிக்கு முன்னால் நானும் மகனும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அடுத்த ஆறு மாதத்துக்கு எங்கள் வீட்டில் எவரும் காரைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஆனால் ஆசை அடங்கியதாக நான் நினைக்கவில்லை. இருபத்தேழு வயது ஆண்பிள்ளையின் ஆசையைத் தாயின் மௌனம் அடக்கிவிடாது, அது தாய்க்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடும். இதை நான் இருபத்தெட்டு வருட ஆசிரியத் தொழிலில் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். ஆகவே நானே கதையைத் தொடங்கினேன்.

“வாங்குறதானா வட்டிக்கு வாங்கக் கூடாது. திடலுக்குப் போறதானா எனக்குத் தெரியாமப் போகக் கூடாது. ரோட்டைத் திடலாக்கக் கூடாது. இந்த மூணுக்கும் சம்மதமா?”

“சம்மதம் உம்மா.”

“இன்னும் ஒண்டு. நாலு வருஷமாச் சேர்த்த காசுக்கு ஸகாத் குடுத்தியா?”

மகன் தலையைச் சொறிந்தான். கார் வாங்குவதற்கென்று ஒதுக்கி வைத்த பணம்தானே, அதற்கும் ஸகாத்தா என்று கேட்டான். சகோதரிகளே, நம்மில் பலருக்கும் இந்த மயக்கம் உண்டு. சொந்தப் பாவனைக்கு வைத்திருக்கும் வாகனத்துக்கு ஸகாத் இல்லை. ஆனால் அதை வாங்குவதற்காகச் சேர்த்து வைத்த பணம் நிஸாபை அடைந்து ஒரு சந்திர வருடம் பூர்த்தியாகிவிட்டால் இரண்டரை வீதம் கொடுக்கத்தான் வேண்டும். வருடம் வருடமாகக் கணக்குப் பார்த்து அவன் கொடுத்து முடித்தபோது, சேமிப்பில் ஒரு துண்டு குறைந்து போனது. கார் மூன்று மாதம் பின்னால் தள்ளிப் போனது.

அடுத்து நாங்கள் காரைத் தேடத் தொடங்கினோம். நான் ‘நாங்கள்’ என்று எழுதுவது உண்மை. திடல் கார் என்றாலும் அதில் அன்றாடம் பாதி இருக்கை என்னுடையதல்லவா!

தேடல் இலேசாக இருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். அப்படித் திறந்தாலும் மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரைக் கொண்டு வர முடியாது. ஆகவே முப்பது வருடத்துக் கார் வேண்டுமானால் ஏற்கெனவே நாட்டில் இருக்கும் சிலவற்றில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். சில இருந்தால் விலை ஏறும்; விலை ஏறினால் பூச்சு வேலையும் ஏறும்.

முதலில் பார்த்த கார் கொழும்புக்கு வெளியே ஒரு விற்பனை நிலையத்தில் இருந்தது. சிவப்பு நிறம். வெயிலில் கண்ணாடி போல மினுங்கியது. “ஒரு டொக்டர் வைத்திருந்த கார்” என்றார் விற்பவர். பழைய கார் விற்கும் எல்லோரும் ஏன் டொக்டரையே சாட்சிக்கு அழைக்கிறார்களோ தெரியவில்லை! மகன் மயங்கிப் போனான். கதவைத் திறந்து என்னை உட்காரச் சொன்னான்.

உள்ளே வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது. ஆனால் அதற்குக் கீழே எனக்கு வேறொரு மணம் பட்டது. மழைக்காலத்தில் உலராத துணி மூட்டையின் மணம். முப்பத்தைந்து வருடம் துணி உலர்த்தியவளின் மூக்கை எந்த வாசனைத் திரவியம் ஏமாற்றும்? “மகன், இந்த விரிப்புக்குக் கீழ ஈரம் இருக்கு” என்றேன்.

எங்களோடு வந்திருந்த பாஸ், என் கணவரின் காரை இருபது வருடம் பார்த்தவர். அவர் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்தார். பெயின்ட் கீறாமல் இருக்க அதை ஒரு துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே உள்ள பக்கச் சட்டத்தில் வைத்தார். தகரம் இருக்கும் இடத்தில் ஒட்டிய காந்தம், பின் சில்லுக்குக் கிட்டப் போனதும் ஒட்டாமல் கையில் விழுந்தது. அங்கே தகரமே இல்லை. கறள் தின்ற இடத்தைப் பட்டி வைத்து நிரப்பி, மேலே சிவப்புப் பூசியிருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் பாஸ் எனக்கு விளக்கினார். இந்த வகைக் காரில் துணிக் கூரையில் விழும் மழைநீர் இரு ஓரத்திலும் வடிந்து, இருக்கைக்குப் பின்னால் உள்ள இரண்டு துவாரங்களால் இறங்கிக் காருக்கு அடியால் வெளியேற வேண்டும். இலையும் தூசியும் அந்தத் துவாரத்தை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே தங்கி, பக்கச் சட்டத்தை உள்ளிருந்து அரித்துவிடும். வெளியில் தெரியும்போது காரியம் முடிந்திருக்கும். “டீச்சர் வீட்டுப் பீலி மாதிரித்தான்” என்றார். பீலியை வருடத்துக்கு இரண்டு முறை துப்புரவாக்காத வீட்டுக்காரிக்கு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாதா? பிறகு பார்த்த ஒவ்வொரு காரிலும் நாங்கள் செய்த முதற் சோதனை, கூரை ஓரத்தில் ஒரு போத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அது காருக்கு அடியால் வருகிறதா என்று பார்ப்பதுதான்.

வேறு சிலவற்றையும் கற்றுக்கொண்டேன். எல்லாப் பழைய காருக்கும் பொருந்துவதால் எழுதி வைக்கிறேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும். நாம் போகுமுன் சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். முதலில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. ஒயில் மூடியின் உட்புறம் பால்தேநீர் போல வெளுத்திருந்தால் ஒயிலோடு தண்ணீர் கலந்திருக்கலாம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பூ எவ்வளவு இருந்தாலும் பத்து வருடத்து டயர் நம்பத்தக்கதல்ல. மைல்மீற்றர் குறைவாகக் காட்டி, பிரேக் மிதியின் றப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் மிதியைத்தான் நம்ப வேண்டும். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். அதில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதாவது நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், அந்தக் கடன் முடியாமல் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது.

அந்தச் சிவப்புக் காரைப் பற்றி மகன் பல நாட்கள் பொரிந்து தள்ளினான். “எவ்வளவு பெரிய ஏமாத்து உம்மா! பட்டி பூசி, சென்ட் அடிச்சு! இவங்களுக்கு அல்லாஹ்வைப் பற்றிய பயம் இல்லையா?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வார்த்தை பிறகு எங்கள் வாசலுக்கே திரும்பி வரும் என்று அப்போது எனக்கும் தெரியாது.

2025 ஜனவரியில் ஒரு நல்ல கார் அகப்பட்டது. பச்சை நிறம், பக்கச் சட்டம் முழுமையாக இருந்தது, பாஸ் தலையாட்டிவிட்டார். மகனின் சேமிப்பு போதவில்லை. மிச்சத்துக்கு ஒரே வழி, வீட்டில் நின்ற கொரோலாவை விற்பது. அது வாப்பாவின் கார்.

என் கணவர் 2021ஆம் ஆண்டு வபாத்தானார்கள். அதன் பின் அந்தக் கார் பெரும்பாலும் போர்ட்டிகோவில்தான் நின்றது. 2022இல் பெற்றோல் வரிசை மைல் கணக்கில் நீண்ட மாதங்களில் அதைத் தொடவே இல்லை. மறுபடி ஓட்டியபோது காலி வீதியில் சூடேறி நின்றுவிட்டது. எஞ்சினைத் திறந்து ஹெட் வேலை செய்தோம். அப்படியும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரேடியேட்டரை நிரப்ப வேண்டும்.

விற்போம் என்று மகன் சொன்னபோதுதான் என் நெஞ்சில் ஒரு முள் குத்தியது. யாருடைய காரை யார் விற்பது? நான்கு வருடமாக நாங்கள் ‘வாப்பாவின் கார்’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். வபாத்தானவருக்குக் கார் ஏது? அவர் கண்ணை மூடிய அன்றே அது வாரிசுகளின் சொத்தாகிவிட்டது. அதைப் பங்கிடாமல் வைத்திருந்தது என் தவறு. மகள் ஒருபோதும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் மறந்தேன். நம் சமூகத்தில் பெண்பிள்ளைகளின் பங்கு பெரும்பாலும் அவர்கள் கேட்காததால்தான் மறக்கப்படுகிறது. நானும் ஒரு பெண்ணாக, ஒரு தாயாக இருந்து அதையே செய்திருந்தேன். வீட்டையும் காணியையும் பற்றிப் பேசும் நாம், காரையும் தையல் இயந்திரத்தையும் கைக்கடிகாரத்தையும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

கணவரின் பெற்றோர் முன்பே மரணித்துவிட்டதால் கணக்கு எளிது. மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. மொத்தத்தை 24 பங்காக்கினால் எனக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. ஊர் மௌலவியிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மகளுக்கு அழைப்பெடுத்துச் சொன்னேன். “தம்பி எடுத்துக்கட்டும் உம்மா, எனக்கு வேணாம்” என்றாள். “முதல்ல உன் கையில வரட்டும் மகள். அதுக்குப் பிறகு நீ வச்சிருக்கிறதும் குடுக்கிறதும் உன் விருப்பம்” என்றேன். கையில் வராத பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்வது விட்டுக்கொடுப்பல்ல. அது வெட்கத்தைப் பயன்படுத்திக்கொள்வது.

மகன் இதற்கு ஒரு மறுப்பும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சோதனை அவனுக்குக் கடினமாக இருந்தது.

இறக்குமதி திறக்கப்போகிறது, பழைய கார்களின் விலை இறங்கும் என்று எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. விற்பதானால் உடனே விற்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அளுத்கமையிலிருந்து ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையுடன் கார் பார்க்க வருவதாக இருந்தது. சுபஹ் தொழுதுவிட்டு வந்தபோது மகன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“நிரப்பி வச்சா ஒரு மாசத்துக்கு ஒண்டும் தெரியாது உம்மா” என்றான்.

“ஒரு மாசத்துக்குப் பிறகு?”

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. “எல்லாரும் இப்படித்தான் விக்கிறாங்க. பழைய கார் வாங்குறவங்கதான் பார்த்து வாங்கணும்.”

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. சிவப்புக் காருக்காகக் கொதித்த அதே பிள்ளைதான் இவன். வாங்கும்போது நமக்கு இருக்கும் மார்க்கம், விற்கும்போது எங்கே போகிறது?

“மகன், அந்தச் சிவப்புக் காருக்குள்ள அடிச்சிருந்த சென்ட் மணம் ஞாபகம் இருக்கா?” என்று மட்டும் கேட்டேன்.

அவன் தண்ணீர்க் கானைக் கீழே வைத்தான். சிறிது நேரம் அப்படியே நின்றான். விற்கும் பொருளின் குறையை மறைப்பது கூடாது என்பதும், விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசினால் அந்த வியாபாரத்தில் பரகத் உண்டு என்பதும் அவன் மத்ரஸாவில் படித்ததுதான். படித்தது வேறு, மூன்று இலட்சம் ரூபா கண்முன்னால் நிற்கும்போது அது நினைவுக்கு வருவது வேறு.

அந்தத் தம்பதி வந்தார்கள். மகனே முன்வந்து சொன்னான்: ஹெட் வேலை செய்தது, தண்ணீர் குறைவது, எத்தனை நாளுக்கு எவ்வளவு என்பது எல்லாம். அந்தப் பிள்ளையின் தகப்பன் நன்றி சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. அடுத்து வந்தவரும் அப்படியே. மூன்றாவதாக வந்தவர், தானே ஒரு கராஜ் வைத்திருந்தவர், குறையைக் கணக்குப் பார்த்து 3 இலட்சம் குறைத்துக் கேட்டார். கொடுத்தோம். கார் வாசலைத் தாண்டிப் போனபோது நான் உள்ளே போய்விட்டேன்.

அதற்குள் ஐந்து வாரம் கடந்திருந்தது. பச்சைக் காரை வேறொருவர் வாங்கிவிட்டார்.

மகன் இரண்டு நாட்கள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. நானும் அவனைத் தேற்றவில்லை. உண்மை பேசினால் உடனே நன்மை கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பொய். சில நேரம் உண்மைக்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுத்த பிறகும் அது சரியாகத்தான் இருக்கும் என்பதை மட்டுமே நான் சொல்ல முடியும்.

நான்கு மாதம் கழித்து மூன்றாவது கார் வந்தது. கம்பஹாப் பக்கத்தில் ஒரு வயதான சிங்களப் பெரியவருடையது. வெள்ளை நிறம், ஆனால் மங்கிப் போயிருந்தது. நாங்கள் எதையும் கேட்குமுன் அவரே ஒரு கொப்பியை நீட்டினார். பதினாறு வருடத்து வேலைகள் அதில் திகதிவாரியாக எழுதப்பட்டிருந்தன. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது, பிரேக் எப்போது செய்தது எல்லாம். “இடது பக்கக் கூரையால் கொஞ்சம் ஒழுகும். காலையில் குளிராக இருக்கும்போது இரண்டாவது கியர் இலேசில் விழாது, சூடானால் சரி” என்றார். பாஸ் காந்தத்தை வைத்தார், ஒட்டியது. நான் தண்ணீர் ஊற்றினேன், அடியால் வந்தது. உள்ளே வாசனைத் திரவியம் இல்லை. பழைய காரின் மணம் மட்டும்தான் இருந்தது.

எனது 3 பங்கில் ஒரு பகுதியை நானே செலவிட்டேன். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் என்ற இரும்பு வளைவை இருக்கைகளுக்குப் பின்னால் பொருத்தினோம். கூரையில்லாத காரை அது இல்லாமல் திடலில் விடக் கூடாது என்பது என் நிபந்தனை. மகள் தன் பங்கு கைக்கு வந்த வாரமே தம்பிக்கு நல்ல ஹெல்மட் ஒன்று வாங்கி அனுப்பினாள். “தாத்தா தந்தது” என்று அவன் அதை அலுமாரியில் பெருநாள் உடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான்.

அன்றாட வாழ்க்கைக்கு அந்தக் கார் எப்படி என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன். ஏறுவதும் இறங்குவதும் என் முழங்காலுக்குத் தண்டனை. அரிசி மூட்டையும் தேங்காயும் வாங்கினால் ஒன்று என் மடியில். மழை கடுமையானால் இடது தோள் நனையும்; அது என் பக்கம்! என் மதினி ஒருத்தி, “இந்தக் காசுக்கு ஒரு நல்ல வேன் வாங்கியிருக்கலாமே, இது வீண்விரயம் இல்லையா?” என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை. அதனால்தான் மகன் திடலுக்கான டயர், பிரேக், கட்டணம் எல்லாவற்றுக்கும் மாதாமாதம் ஒரு தொகையை மட்டும் ஒதுக்குகிறான். அது முடிந்தால் அந்த வருடத் திடல் முடிந்தது. சாதாரண வாகனக் காப்புறுதி பந்தயத் திடலில் நேரும் சேதத்தை ஏற்பதில்லை. அங்கே உடைவது நம் சொந்தப் பணம். இதைத் தெரிந்துகொண்டு போகிறவனின் கால் கொஞ்சம் அடக்கமாகத்தான் அழுத்தும்.

கடைசியில் அந்த நாளும் வந்தது. கழகம் ஒன்று கட்டுகுருந்தவில் ஏற்பாடு செய்திருந்த பயிற்சி நாள். ஹெல்மட்டை மடியில் வைத்துக்கொண்டு நானும் போனேன்.

காலையில் காருக்குப் பரிசோதனை. பெட்டரி இறுக்கமாக இருக்கிறதா, சில்லு நட்டுகள் சரியா, காருக்குள் உருளக்கூடிய பொருள் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார்கள். என் தஸ்பீஹ் மணியையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துத் தந்துவிட்டான். முந்திய வாரமே பிரேக் ஒயில் புதிதாக மாற்றியிருந்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஒயில் கடும் சூட்டில் கொதித்தால் பிரேக் மிதி வெறுமனே உள்ளே போய்விடுமாம். பிறகு கொடிகளைப் பற்றி விளக்கினார்கள். மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். கறுப்பு காட்டப்பட்டவர் உள்ளே வர வேண்டும். முந்துவது நேர்ப்பாதையில் மட்டும். அதுவும் முன்னால் போகிறவர் கையால் வழி காட்டிய பின். பார்ப்பவர்களைப் பாதையிலிருந்து வெகுதூரத்தில் நிறுத்தினார்கள். அந்தத் தூரத்தைக் கண்டபோது தியத்தலாவையின் சிறுமியை நினைத்தேன்.

புதியவர்களையும் பழகியவர்களையும் வெவ்வேறு குழுக்களாகப் பிரித்தார்கள். அப்போது எனக்கு ஒரு விடயம் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பயிற்றப்பட்ட குதிரைகளுக்கு நீண்ட தூரத்தையும், பயிற்றப்படாத குதிரைகளுக்குக் குறுகிய தூரத்தையும் வகுத்தார்கள். இப்னு உமர் (ரழி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். ஆசையைத் தடுப்பதை விட அதற்கு அளவு வகுப்பது எவ்வளவு பெரிய கல்வி!

இருபது நிமிடம் ஓட்டினான். இருபது நிமிடமும் நான் ஓதிக்கொண்டே இருந்தேன். வெள்ளைக் கார் ஒவ்வொரு சுற்றிலும் வளைவில் மறைந்து மறுபடி தெரியும்வரை என் மூச்சு என்னிடம் இல்லை. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி வந்தான்; பிரேக் ஆறுவதற்காகவாம். நிறுத்திய பின் ஹேண்ட் பிரேக் போடாமல் சில்லுக்குக் கல் வைத்தான், அதுவும் சூட்டுக்காகத்தான். ஹெல்மட்டைக் கழற்றியபோது அவன் முகத்தைப் பார்த்தேன். வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு திடலுக்குப் போய் வந்த ஏழு வயதுப் பிள்ளையின் அதே முகம்.

வீட்டுக்குத் திரும்பும்போது காலி வீதியில் அவன் மிகவும் மெதுவாக ஓட்டினான். பஸ் ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு முந்திப் போனது. “ஏன் மகன் இவ்வளவு மெதுவா?” என்று கேட்டேன்.

“அங்க எல்லாரும் ஒரே பக்கம் போறாங்க உம்மா. இங்க எதிர்ல யார் வாறாங்க, எந்தக் கடையிலிருந்து ஒரு பிள்ளை ஓடி வரும்னு தெரியாது. இதுதான் பயம்.”

நம் நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் உயிரிழக்கிறார்கள். அவர்கள் எவரும் திடலுக்குப் போனவர்கள் அல்லர்; கடைக்கும் பாடசாலைக்கும் போனவர்கள். என் பயம் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அடுத்த திடல் நாளிலும் நான் ஓதிக்கொண்டுதான் நிற்பேன், இன்ஷா அல்லாஹ். ஆனால் எனக்குத் தெரியாத இடத்தில் அவன் ஓட்டுவதை விட, என் கண்முன்னால் ஓட்டுவது மேல்.

சென்ற வாரம் எதையோ தேடி அந்தக் காரின் முன் தட்டைத் திறந்தேன். கம்பஹாப் பெரியவரின் கொப்பி இருந்தது. கடைசிப் பக்கங்களில் மகனின் கையெழுத்து தொடர்ந்திருந்தது. ‘இடது கூரை ஒழுக்கு இன்னும் தீரவில்லை. இரண்டாவது கியர் முன்பை விடக் கடினம். திடலில் ஓட்டிய நாள் 1.’ யாருக்காக இதை எழுதுகிறாய் என்று கேட்டேன்.

“என்னைக்காவது விக்கணுமே உம்மா. வாங்க வாறவருக்குக் குடுக்க” என்றான்.

அல்ஹம்துலில்லாஹ். அந்த 3 இலட்சம் ரூபா வீணாகவில்லை.